இந்த வாரம் கேட்க: விவால்டியின் பஸூன் கான்செர்ட்டோக்கள்

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் வயலினுக்கு லீவு, பஸூன் என்ற தாழ்ந்த குரல் மரக்குழல் கருவியைக் கேட்கிறோம். இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி இதற்கு 39 கான்செர்ட்டோக்கள் (தனிக் கருவி இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) எழுதியிருக்கிறார். இரண்டு மட்டும் முற்றுப்பெறாதவை. வயலினுக்கு அடுத்தபடி இதற்குத்தான் அதிகம். 'நான்கு பருவங்கள்' என்ற வயலின் கான்செர்ட்டோக்களோடு அவரை மூட்டை கட்டிவிடுகிறோமே என்பது என் ஆதங்கம்.

முதலில் ஆர்.வி. 484 (ஆர்.வி. என்பது விவால்டி படைப்புகளின் பட்டியல் எண்), இ மைனர் ஸ்கேலில். பிறகு ஆர்.வி. 501, 'இரவு': ஆவிகள், உறக்கம், விடியல் என்று பகுதிகளுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார். உறக்கத்தை ஹெட்போனில் கேளுங்கள்.

முடிந்தால் விவால்டி காலத்து பரோக் பஸூனில் வாசித்த பதிவாகவே தேடுங்கள். இன்றைய பஸூனில் துளைகளை மூடித் திறக்கும் சாவிகள் இருபதுக்கு மேல். பரோக் பஸூனில் மூன்று நான்குதான், மீதி விரல் வேலை. நாகஸ்வரச் சீவாளி போல இதற்கும் இரட்டை நாணல். அந்தக் கரகரப்பு தனி ருசி.

பிள்ளைகளோடு கேட்பவர்களுக்கு: 1703-இல் விவால்டி வெனிஸின் பியெத்தா ஆதரவற்றோர் இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே தேர்ந்த பெண்களே சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கச்சேரியில் கம்பித்தடுப்புக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள்.

கருத்துகளை ஞாயிறு இரவுக்குள் குரல் பதிவாகப் போடுங்கள். இரண்டு நிமிடம் தாண்ட வேண்டாம். குட் மார்னிங் படங்களும் வேண்டாம், ப்ளீஸ்!