கேரளத்துப் பழைய துறைமுகமான முசிறிக்கு மாணவர்களைக் கூட்டிப்போகும் வரலாற்று ஆசிரியர்களுக்கு

வணக்கம்.

பேருந்தில் மைக்கைப் பிடித்ததும் "1341 வெள்ளம் முசிறியை விழுங்கிவிட்டது" என்று ஆரம்பிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பெரியாற்று வெள்ளம்தான் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பார்கள், இருக்கட்டும். முசிறி என்று பலர் கருதும் பட்டணம் என்ற ஊரின் மண்ணில் ரோமானியச் சாடிகள் அருகிப்போனது அதற்குக் குறைந்தது ஏழெட்டு நூற்றாண்டுக்கு முன்பே. யவன (ரோமானிய) வணிகம் நின்றதற்கு அந்த வெள்ளம் எப்படிப் பொறுப்பாகும்?

கொடுங்கல்லூருக்குப் போகுமுன், வடக்கு பறவூரை ஒட்டிய பட்டணத்துக்குப் போங்கள். 2007 முதல் அங்கே அகழாய்வு நடந்தது. அதுதான் முசிறி என்பதை ஏற்காதவர்களும் உண்டு, அதையும் சொல்லுங்கள். குழிகளை மூடியாயிற்று, மேலே வீடும் தென்னையும்தான். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

காட்சிக்கு வைத்த சாடித் துண்டுகளில் முதலில் கைப்பிடியைக் காட்டுங்கள். இரண்டு மண் உருளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதுபோல் இருந்தால் அது மதுச்சாடி. உடைந்த விளிம்பில் கறுப்பு மணல் மாதிரித் துகள் தெரிந்தால் இத்தாலியின் கம்பானியா எரிமலை மண்ணில் வனைந்தது. உள்ளூர்ப் பானையில் இந்தத் துகள் இருக்காது.

அடுத்தது மிளகு. "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்ற அகநானூற்று வரியைச் சொல்லிவிட்டு (இங்கே கறி என்றால் மிளகு), எடைக்கு எடை பொன் கொடுத்தார்கள் என்று சேர்த்துவிடுகிறோம். முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த ரோமாபுரி விலை, ராத்தல் எடைக்குக் கருமிளகு 4 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. ஒரு பொற்காசுக்கு 25 தெனாரியஸ். ஒரு ராத்தல் பொன்னில் 40 காசாவது அடிப்பார்கள். கரும்பலகையில் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு ராத்தல் பொன்னுக்குக் குறைந்தது 250 ராத்தல் கருமிளகு! ரோமாபுரியிலேயே அந்த விலை என்றால் இங்கே இன்னும் மலிவுதான். பொன் வரவே இல்லை என்றும் ஆகாது. பக்கத்து வள்ளுவள்ளியில் 1983ல் 252 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன.

ஒரே மரத்தில் குடைந்த படகில் மிளகு வந்ததாகவும் பிளினி எழுதுகிறார். அது வேறொரு துறைமுகத்தைப் பற்றியது. ஆனால் பட்டணத்திலும் சுமார் 6 மீட்டர் நீள ஆஞ்சிலி மரத் தோணி கிடைத்தது. நீர் ஊறிய சேற்றில் காற்றுப் படாமல் கிடந்ததால்தான் மரம் மிஞ்சியது. அப்படியே வெயிலில் காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும்.

கடைசியாக ஒன்று. தரையில் பானை ஓட்டுத்துண்டு கிடந்தால் யாரும் பையில் போட வேண்டாம். எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்று தெரியாத ஓட்டுத்துண்டை வைத்துக் காலம் கணிக்க முடியாது.