உன் தப்பு நோட்டு வேண்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. இடையில் எங்கள் பாடங்களில் பாதியைக் கலைத்துப் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கதையைச் சொல்லாமல் உனக்குப் பதில் எழுத முடியாது, அதனால் ஒரு வழியாக அது முடியட்டும் என்று இருந்துவிட்டேன். உன் மகள் தான் ஆசைப்பட்ட பிரிவிலேயே சேர்ந்துவிட்டாள் என்று படித்தபோது அத்தனை சந்தோஷம். அவளிடம் சொல்.

"உன் கம்பெனி எப்படிப் போகிறது?" என்று ஒரு வரி கேட்டிருந்தாய். "பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீட்டுக்கணக்கை எல்லாம் ஏஐ போட்டுக் கொடுத்துவிடுகிறது, இனி நான் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்க?" என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன.

2012 ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ருனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டு, ஏறக்குறைய 1,60,000 பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். பின்னாலேயே அதே மாதிரி இணையப் படிப்புகளை நடத்தும் கோர்செரா வந்தது, எட்எக்ஸ் வந்தது. நாம் இருவரும் ஒரே படிப்பில் பெயர் பதிந்து, மூன்றாவது வாரத்தில் சொல்லிவைத்தாற்போல இருவருமே நின்றுவிட்டோம். அப்போது அது நம் சோம்பல் என்றே நினைத்தேன். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய அப்படிப்பட்ட படிப்புகளில், 2017-18ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான் என்று 2019ல் ஓர் ஆய்வு வந்தது. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு என்பது உண்மை. இருந்தாலும், அத்தனை பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாது.

நான் கம்பெனி ஆரம்பித்தபோது இதெல்லாம் தெரிந்துதான் ஆரம்பித்தேன். வேலையில் இருந்துகொண்டே வேறு வேலைக்கு மாற நினைப்பவர்களுக்கு, எக்செல்லில் தொடங்கி, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் வரை தரவுகளைக் கையாளச் சொல்லித்தருவது எங்கள் வேலை. மற்றவர்கள் வீடியோக்கள் நீளமாகவும் சலிப்பாகவும் இருப்பதால்தான் ஆட்கள் ஓடுகிறார்கள், நாம் நன்றாக எடுத்தால் நிற்பார்கள் என்று நம்பினேன். எட்எக்ஸ் தரவுகளை வைத்து 2014ல் வந்த ஓர் ஆய்வு, வீடியோ 6 நிமிடத்தைத் தாண்டினால் கவனம் நிற்பதில்லை என்று சொன்னது. ஒவ்வொரு பாடத்தையும் 6 நிமிடத்துக்குள் அடக்கினேன். எடிட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் ஒவ்வொரு தயக்கத்தையும் இழுவையையும் வெட்டி எறியச் சொன்னேன். 4.7 நட்சத்திரம் வந்தது. பார்க்கப்பட்ட மணிநேரங்களின் வரைபடம் ஏறிக்கொண்டே போனது.

அப்புறம் ஒரு பெண் எழுதினாள். எல்லாப் பாடத்தையும் முடித்தவள், சான்றிதழ் வாங்கியவள். நேர்காணலில் ஒரு கேள்விக்குக்கூட வரி எழுத முடியவில்லை, தப்பு என்மீதா என்று கேட்டிருந்தாள். அன்று மாலையே வீடியோ அழைப்பில் உட்கார்ந்தோம். அவள் திரையைப் பகிர்ந்தாள். இரண்டு அட்டவணைகள் கொடுத்தேன். ஒன்றில் வாடிக்கையாளர்கள், இன்னொன்றில் ஆர்டர்கள். ஒரு ஆர்டர்கூடப் போடாத வாடிக்கையாளர்கள் யார் யார் என்று எடுக்கச் சொன்னேன்.

'செலக்ட்' என்று அடித்தாள். நின்றாள். வெற்றுத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. "மேடம், இந்தப் பாடம் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. இரண்டு வட்டம் வரைந்தீர்கள், இடது வட்டத்துக்குப் பச்சை அடித்தீர்கள்" என்றாள். பச்சை நிறம் ஞாபகம் இருக்கிறது, அதை எப்படி எழுதுவது என்று கை வரவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். நண்பர்களே கேட்டுச் சலிக்கும் அளவுக்கு நான் பேசுகிறவள் என்று உனக்குத் தெரியும், எனக்கு அது பெரும்பாடு. பத்து நிமிடம் கழித்து, இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் சாதாரண ஜாயின் போட்டு ஓட்டினாள். ஆர்டர் போட்டவர்களாக வந்து நின்றார்கள். தேடிய ஆட்களில் ஒருவர்கூட இல்லை.

அவள் முகம் மாறியதை அங்கேதான் பார்த்தேன். "ஓ, பொருந்தாதவர்களை இது தூக்கிப் போட்டுவிடுகிறது... அவர்கள்தானே எனக்கு வேண்டும்" என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. பொருந்தாவிட்டாலும் இடது அட்டவணையின் எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் என்று மாற்றினாள். ஆர்டர் எண் காலியாக உள்ள வரிகளை மட்டும் எடுக்க வேண்டும் என்பது இன்னும் ஐந்து நிமிடத்தில் அவளாகவே கண்டுபிடித்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் பணம் கட்டியவள். வேலை முடித்து வந்து, ராத்திரி கண் விழித்துப் படித்தவள். நான் எதைக் கொடுத்தேன்?

அதற்குப் பிறகுதான் ஆய்வுகளை முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006ல் செய்தது ஒன்று. ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், படித்தவர்கள் 40. நாங்கள் நட்சத்திரம் கேட்டது எப்போது தெரியுமா? வீடியோ முடிந்த அடுத்த நொடி!

இன்னொன்று ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் செய்தது, 2019ல் வெளியானது. ஒரே பாடம். ஒரு பாதிக்குத் தேர்ந்த விரிவுரை. மறு பாதிக்கு, குழுவாக உட்கார்ந்து கணக்கோடு மல்லுக்கட்டுவது. அடுத்த பாடத்துக்கு இரு பக்கத்தையும் மாற்றிவிட்டார்கள். மல்லுக்கட்டியவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் எதில் நன்றாகக் கற்றதாக உணர்ந்தீர்கள் என்றால், விரிவுரையைத்தான் சொன்னார்கள். வழுக்கிக்கொண்டு போகும் பேச்சைக் கேட்கும்போது நமக்கே புரிந்துவிட்டது போலத் தோன்றிவிடுகிறது. நான் வெட்டி எறியச் சொன்ன தயக்கங்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே கலைத்தோம். இப்போது எந்தப் பாடமும் கேள்வியில்தான் தொடங்குகிறது. வெற்றுத் திரை. மூன்று நிமிடம் முயன்றால்தான் முதல் குறிப்பு திறக்கும். விளக்கம் அதற்கப்புறம். ஒரு வாரம் கழித்து அதே வகைக் கேள்வி வேறு உருவத்தில் சொல்லாமல் வந்து நிற்கும். 12 பேருக்கு ஒரு வழிகாட்டி, வாரம் இருமுறை நேரலை. நட்சத்திரம் கேட்பது ஒரு மாதம் கழித்து.

முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. "வீடியோவைக் காட்டாமல் ஏன் வதைக்கிறீர்கள்" என்று எழுதினார்கள், சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம். வழிகாட்டிகளுக்குச் சம்பளம் வேண்டும், அதனால் ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்க முடியாது. 2020ல் உலகம் முழுவதும் 160 கோடி மாணவர்கள் வீட்டில் அடைந்தபோது இந்தத் துறையில் கொட்டிய பணம் இப்போது வற்றிவிட்டது. முதலீட்டாளர்கள் வளர்ச்சி எங்கே என்கிறார்கள். எங்கள் கூட்டாளி ஒருவர் இதில் உடன்பாடில்லாமல் விலகிவிட்டார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. ஆனால் போன பேட்ச்சில் 48 பேர் சேர்ந்து 33 பேர் கடைசிவரை வந்தார்கள். இதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. அந்த 33 பேரின் வரிகளையும் நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். எழுதுகிறார்கள். தப்பு வந்தால் பதறாமல் படித்துப் பார்க்கிறார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் ஏஐயைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு ஏஐயை அப்படியே கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. அதைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, ஏஐயைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். மூன்றாவது ஒரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும் ஏஐ. பயிற்சியில் 127 சதவீதம் ஏற்றம், தேர்வில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. தேர்வில் பெரிய லாபமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த எண்கள் இல்லை. அந்தக் குறிப்பு கொடுக்கும் ஏஐயைத் தயாரிக்க ஆசிரியர்களை உட்கார வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கில் பிள்ளைகள் வழக்கமாக எங்கே தடுக்கி விழுவார்கள், அப்போது என்ன கேட்டால் எழுந்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். படித்ததும், பிள்ளைகள் செய்யும் தப்புகளை நீ குறித்துவைக்கும் உன் தப்பு நோட்டுதான் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து எழுதுகிறாயே. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று ஒரு பையன் எழுதியதைக் காட்டி, "மேலே மேலே கூட்டியிருக்கிறான், கீழே கீழே கூட்டியிருக்கிறான், இதிலும் ஒரு நியாயம் இருக்கு பார்" என்றாய். ஓரத்தில், அவனிடம் திருப்பி என்ன கேட்டாய் என்றும் எழுதி வைத்திருந்தாய்: "பாதியைவிடக் குறைவாகிவிட்டதே, சேர்த்தால் குறையுமா?"

வீட்டுக்கணக்குக்கு மதிப்பெண் போடுவதை மட்டும் நிறுத்திவிடு. மற்றபடி வகுப்பில் நீ செய்வதை மாற்றாதே.

எங்கள் ஆட்கள் எஸ்க்யூஎல்லில் விழுவதைவிடச் சதவீதத்திலும் விகிதத்திலும்தான் அதிகம் விழுகிறார்கள். பெரியவர்கள், கேட்க வெட்கப்படுகிறார்கள். அவர்களுக்காக ஓர் அடிப்படைப் பாடம் கட்டுகிறோம். பிள்ளைகள் பெயரை மறைத்துவிட்டு, பின்னமும் சதவீதமும் வரும் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. ஓரத்தில் எழுதியிருப்பது வெட்டுப்படாமல் பார்த்துக்கொள். உனக்கு விடுமுறை வந்ததும் இரண்டு நாள் எங்கள் வழிகாட்டிகளோடு நீயே உட்கார்ந்து பேச வேண்டும். சம்பளத்தோடுதான், மறுக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி