அறுவை முடிந்தபின் எங்களை யார் பார்த்துக்கொள்வது? குமரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதாரத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் குலசேகரம் பக்கத்தில் தையல் வேலை செய்பவள். என் தலையின் இடப்பக்கம் மெனிஞ்சியோமா என்ற கட்டி இருந்தது. மாவட்டத்துக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து வளர்கிற கட்டி அது; பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. என்னுடையதும் அப்படித்தான். அறுவை நன்றாகவே முடிந்தது. அந்த மருத்துவர்களால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன்.

இந்த மடல் அதற்கு அப்புறம் வருகிற காலத்தைப் பற்றியது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு, அடுத்த ஸ்கேனுக்கு வரவேண்டிய தேதி, இவ்வளவும் கையில் தருகிறார்கள். அந்தத் தேதி வரும்வரை கை வராமல், சொல் வராமல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் வீட்டுக்குள் கிடக்கிறவர்களை இந்த மாவட்டத்தில் யார் பார்த்துக்கொள்வது? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

கட்டியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். "தலையில வெட்டு முடிஞ்சாச்சுல்லா, இனி என்ன? எழும்பி நட மக்ளே" என்று பாசத்தோடு சொல்கிறவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தையல் காய்ந்து, முடியும் வளர்ந்துவிட்டால் எங்களைப் பார்த்து நோயாளி என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. உள்ளே நடப்பது வேறு. கட்டி பல காலம் அழுத்தி வைத்திருந்த இடம், அறுவையில் கை பட்ட இடம், அதைச் சுற்றிய வீக்கம் எல்லாம் அடங்க வேண்டும். வீக்கம் சில வாரங்களில் வடியும். ஆனால் பாதிக்கப்பட்ட பகுதி செய்த வேலையை மூளை திரும்பப் பழகுவதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகும். என் கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வெட்டிய பட்டை திரும்ப வளர்ந்து வெட்டுக்குத் தயாராக ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அவசரப்பட்டுக் கத்தி வைத்தால் மரமே கெட்டுப்போகும். என் தலைக்குள் நடப்பதை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். மருத்துவமனையில் யாரும் அவருக்கு அப்படிச் சொல்லிப் புரியவைக்கவில்லை.

அறுவைக்குப் பின் வருகிற களைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடம்பு வேலை செய்து வருகிற அலுப்பு மாதிரி இது கிடையாது. காலையில் குளித்து, தலை துவட்டி, சேலை கட்டி முடித்தாலே அன்றைய தெம்பு பாதி போய்விடும். வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் புரியாது. டிவி ஓடும்போது அடுப்படியில் குக்கர் விசில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்க வேண்டியிருக்கும். மூளை அறுவைக்குப் பின் வருகிற தொந்தரவுகளில் பெரும்பாலானவர்களைப் பிடித்துக்கொள்வது இந்தக் களைப்புதான். இதற்கு மாத்திரை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்வது, நடுவில் இருட்டான அறையில் படுப்பது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்று ஒரு முறை இருக்கிறது. யாராவது உட்கார்ந்து சொல்லித்தந்தால் ஒரு வீடே நிம்மதியாகும். சொல்லித்தர ஆள் இல்லாத வீடுகளில் அந்தப் பெண்ணுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது கை. என் வலது கை பிழைப்புக் கை. இன்றும் ஊக்கு மாட்டுவது பெரிய வேலை. ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, அதற்குள் சட்டைப் பொத்தான்களைப் புதைத்துவைத்து, பார்க்காமல் விரலாலேயே தடவி எடுக்கச் சொன்னார் ஒரு பிசியோதெரபிஸ்ட். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைப் பிடித்துவிட்டதாக நான் நினைப்பேன். கையை வெளியே எடுத்தால் நாலு அரிசிதான் இருக்கும். பொத்தான் பட்டதா அரிசி பட்டதா என்று விரலுக்குத் தெரியவில்லை. தினமும் செய்யச் செய்ய, முதலில் கோட்டுப் பொத்தான் தெரிந்தது. சட்டைப் பொத்தான் தெரிய வெகுநாள் ஆனது. இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதுதான் வைத்தியம். அந்தப் பயிற்சியைச் சொல்லித்தந்தவரிடம் தொடர்ந்து போக எங்களால் முடியவில்லை. கட்டணம் ஒரு காரணம், தூரம் இன்னொரு காரணம். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லைதான், ஆனால் தலைசுற்றுகிறவளைத் தனியாக அனுப்ப முடியுமா? என் கணவர் கூட வந்தால் அன்றைக்குப் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை.

சொல் வராமல் போவது கையைவிட மோசம். கத்தரிக்கோலைப் பார்க்கிறேன், அது என்ன என்று தெரிகிறது, எதற்கு என்று தெரிகிறது, பெயர் மட்டும் வாய்க்கு வராது. அளவு எடுக்க வந்த பெண்ணிடம் முப்பத்தாறு என்று சொல்ல நினைத்தால் வாயில் முப்பத்திரண்டு வருகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்களே, அதே பயிற்சி எங்களுக்கும் வேண்டும். குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சியாளரைத் தேடிக் கண்டுபிடித்தோம். பெரியவர்களுக்குப் பயிற்சி தருகிறவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் எல்லாரும் திருவனந்தபுரத்துக்குக் கையைக் காட்டினார்கள்.

குமரிக்காரர்களுக்குத் தலை நோய் என்றால் திருவனந்தபுரம்தான். ஸ்ரீ சித்திரா மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி, புற்றுநோய் என்றால் ஆர்.சி.சி. மருத்துவமனை. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை தாண்டிப் போய்ப் பழகிய வழி அது. அறுவைக்குப் போகலாம், தவறில்லை. ஆனால் வாரம் இரண்டு முறை பயிற்சிக்குப் போக முடியாது. அங்கே செய்த அறுவையைப் பற்றி இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவருக்கும் தெரிய வழி இல்லை. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் வந்துபோகிற காணி மக்களில் ஒருவருக்கு இந்த நிலை வந்தால் என்ன செய்வார்?

ஐயா, இந்த மாவட்டம் மருத்துவத்துக்குப் புதிதில்லை. நெய்யூரில் 1838-லேயே மருத்துவ மிஷன் தொடங்கியது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேய அறுவை மருத்துவர் சாமர்வெல், அப்புறம் நெய்யூருக்கு வந்து, லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வைத்தியராகத் தங்கினார். அந்த மிஷனுக்கு ஊர் ஊராகக் கிளை ஆஸ்பத்திரிகள் இருந்தன. வைத்தியர்களே முறைவைத்து அங்கே போய் நோயாளிகளைப் பார்த்தார்கள். நாங்கள் கேட்பதும் அதே முறையைத்தான். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூளை அறுவை முடிந்தவர்களுக்கென்று வாரத்தில் ஒரு நாள் வையுங்கள். நரம்பியல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர் எல்லாரும் அந்த நாளில் ஒரே இடத்தில் இருக்கட்டும். எங்கே அறுவை செய்திருந்தாலும், கேரளத்தில் செய்திருந்தாலும், பார்க்கட்டும். பயிற்சியாளர்கள் மட்டும் மாதத்தில் சில நாள் குழித்துறை, தக்கலை, குளச்சல் மருத்துவமனைகளுக்கு வந்துபோகட்டும்.

இன்னொரு வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு அந்தச் சகோதரி வருகிறார், பொறுமையானவர். அந்தப் பட்டியலில் மூளைக் கட்டி அறுவை செய்தவர்களையும் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு என்னென்ன பயிற்சி வேண்டும், எதில் கவனம் வேண்டும் என்று அந்தப் பணியாளர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தால் போதும், பலன் பெரிதாக இருக்கும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருப்பதால்தான் எங்களைப் போன்றவர்கள் பெரிய அறுவைக்குத் துணிகிறோம். அதற்கப்புறம் தேவைப்படும் மாதக்கணக்கான பயிற்சிக்கும் அந்தக் கை நீள வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றித் தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். பெரிய செலவில்லாத காரியம் இது. வீக்கத்துக்குக் கொடுக்கிற டெக்ஸாமெத்தசோனால் முகம் உப்பும், பசி கூடும், தூக்கம் போகும், தொடையில் பலம் குறையும். அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கிற லெவெட்டிராசிட்டம் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரவைக்கும். இது தெரியாததால் எத்தனை வீடுகளில் சண்டை! குணம் மாறிவிட்டது, பைத்தியம் பிடித்துவிட்டது என்றுகூடப் பேசுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார், அவ்வளவுதான். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. இரும்பால் வலிப்பு நிற்காது. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றியிருக்கிற பொருட்களை நகர்த்தி, வாயில் எதையும் வைக்காமல் நேரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் போனால் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதையும் அந்தத் தாளில் போடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 8 உலக மூளைக் கட்டி நாள். அன்றைக்குள் இந்தத் தாள் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்தால் நல்லது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை விஷயத்தில் எங்களைப் போன்றவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறோம். 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. மூளை பாதிப்பால் வருகிற களைப்பும் மறதியும் அதில் தனி வகையாக இல்லை. ஆனால் கை கால் குறைபாடு இருக்கிறது, பேச்சு மொழிக் குறைபாடும் இருக்கிறது. முகாமில் கையை மட்டும் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது சரியாகிவிடும், அப்புறம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் நாங்கள் எங்கே போவது? சரியாகும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். சரியாகும்வரை சாப்பிட வேண்டுமே. மாறக்கூடிய நிலைக்குக் காலவரம்போடு சான்றிதழ் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. அதைக் கொடுங்கள், பேச்சையும் சேர்த்து அளந்து கொடுங்கள். அந்த அட்டை இருந்தால் சாதாரண நகரப் பேருந்தில் உடன் வருகிறவருக்கும் கட்டணம் இல்லை. என் கணவரின் கூலி போனாலும் பேருந்துக் காசாவது மிஞ்சும்.

ஒலிபெருக்கி பற்றியும் ஒரு வார்த்தை. கோயில் கொடையும் தேவாலயத் திருவிழாவும் எங்கள் ஊரின் உயிர், எனக்கும் அவை வேண்டும். ஆனால் தெருவுக்குத் தெரு கட்டுகிற கூம்புக் குழாய்ச் சத்தத்தில், தலை திறந்து மூடியவர்கள் படுகிற பாட்டைச் சொல்லி முடியாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்று 2000-ம் ஆண்டு விதியே இருக்கிறது. அதைக் காவல்துறை கண்டிப்பாக நடைமுறைப்படுத்த நீங்கள் சொன்னால் போதும்.

ஸ்கேன் எடுக்கக் காத்திருக்கும்போது பழக்கமான சிலரும் நானும் சேர்ந்து இதையே மனுவாக எழுதியிருக்கிறோம். எங்களில் கடலுக்குப் போகிற ஒருவர் இருக்கிறார். சிறுமூளையில் கட்டி எடுத்தபின் தரையிலேயே கால் நிலைக்கவில்லை, வள்ளத்தில் எப்படி நிற்பது என்று கேட்கிறார். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்திக்குக் காது நரம்புக் கட்டியை எடுத்தபின் முகத்தின் ஒரு பக்கம் அசையவில்லை, கண் மூடாததால் இரவில் டேப் ஒட்டிப் படுக்கிறாள். முகத்தசைப் பயிற்சி யாரிடம் கற்பது என்று தெரியாமல் வகுப்புக்கே போவதை நிறுத்திவிட்டாள்.

வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறோம். எங்களுக்கு நெடுநேரம் வரிசையில் நிற்க முடியாது, உட்கார ஒரு பெஞ்சு போடச் சொல்லுங்கள். பேசத் தொடங்கினால் சொல் வர நேரமாகும். நடுவில் யாரும் எடுத்துக்கொடுக்காமல், முடிக்கும்வரை கேளுங்கள்.

இப்படிக்கு,
குலசேகரம் பகுதியிலிருந்து ஒரு தையல் தொழிலாளி