தோட்டக்கலை நிகழ்ச்சிக்கு எப்படிப்பட்ட தொகுப்பாளர் வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சியில் தோட்டக்கலை நிகழ்ச்சிகளுக்கு இடம் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அவற்றை நடத்துவோருக்குத் தெளிவான உச்சரிப்பும் கலகலப்பான பேச்சும் இருந்தாலே போதும் என்று தயாரிப்பாளர்கள் எண்ணிவிடுகிறார்களோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன். செடியைப் பார்த்த மாத்திரத்தில் காரணத்தைத் தேடும் பழக்கத்தை நேயருக்கு உண்டாக்குபவரே நல்ல தொகுப்பாளர் என்பது என் உறுதியான கருத்து.

வாடிய தொட்டிச் செடியை எடுத்துக்கொள்வோம். இலை தொங்கியதும் பூவாளியைத் தூக்குவதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் தண்ணீர் போதாமல் வாடும் செடியும், தண்ணீர் தேங்கி வேர் அழுகி வாடும் செடியும் மேலுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். மண்ணின் இடைவெளிகளையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத வேர் நீரை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். ஆகவே ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். இதை வாயால் சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவோர் உண்டு. நல்ல தொகுப்பாளரோ முதலில் விரலை மண்ணுக்குள் ஆழ விட்டுப் பார்ப்பார். பிறகு தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மண்ணோடு கையில் வாங்கி, வெளிறி உறுதியாக இருக்கும் நல்ல வேரையும், பழுப்பேறி, பிடித்து இழுத்தால் மேல்தோல் விரலோடு உரிந்துவரும் அழுகிய வேரையும் அருகருகே காட்டுவார். அப்போது கேமராவும் அவர் முகத்தை விட்டுக் கைக்கு வர வேண்டும். கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்துக் காட்சிக்கும் இது பொருந்தும்: கத்தி எந்த மொட்டுக்கு மேலே, எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதைக் காணாதவருக்கு அந்தக் காட்சியால் பயனில்லை.

இலை மஞ்சளாவதற்கும் காரணங்கள் பல. தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாதபோது செடி அதை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்புவதால், அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம் மாறாது. அது குறைந்தால் நரம்புகள் பச்சையாகவே நிற்க, தளிர் இலைகள் வெளுக்கும். இதை விளக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல், ‘மஞ்சளானால் இந்த உரத்தைப் போடுங்கள்’ என்று முடித்துக்கொள்பவர் நேயரைக் கடைக்காரர் கையில் ஒப்படைத்துவிடுகிறார்.

இந்த இடத்தில் இங்கிலாந்துத் தோட்டக்கலைஞர் பெர்சி த்ரோவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஷ்ரூஸ்பரி நகரப் பூங்காக்களைப் பல்லாண்டுகள் பராமரித்த அனுபவத்தோடு பிபிசி தோட்டக்கலை நிகழ்ச்சியின் முகமாக விளங்கியவர் அவர். ரசாயன நிறுவனமான ஐ.சி.ஐ.யின் விளம்பரங்களில் தோன்ற ஒப்புக்கொண்டதால், 1976-இல் அந்நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். கடுமையான முடிவுதான், ஆனாலும் அதுவே சரியென்று எனக்குப் படுகிறது. ஒரு பூச்சிமருந்து தேவையில்லை என்று சொல்லும் சுதந்திரம் தொகுப்பாளருக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

அதே நிகழ்ச்சியைப் பின்னாளில், 1996-இல் இறக்கும்வரை, நடத்திய ஜெஃப் ஹாமில்டன், இங்கிலாந்தின் பார்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் தாமே உருவாக்கிய தோட்டத்திலிருந்து பேசினார். ஒரே தோட்டத்தை ஆண்டு முழுவதும் காட்டுவதில் பெரிய நன்மை உண்டு: விதைத்ததில் எது முளைத்தது, எது பட்டுப்போனது, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி எந்தப் பாத்தியில் ஏறியது என்பதெல்லாம் மறைக்க வழியில்லாமல் திரைக்கு வந்துவிடும். இரண்டே நாளில் வெற்றிடத்தைப் பூந்தோட்டமாக்கிக் காட்டும் நிகழ்ச்சிகளில் இது நடப்பதில்லை. அங்கே உடனடி நிறைவுக்காக வளர்ந்த செடிகளை நெருக்கி நடுகிறார்கள். அவை ஒன்றையொன்று அமுக்கத் தொடங்கும் காலத்தில் படப்பிடிப்புக் குழு அங்கே இருப்பதில்லை. மண்ணில் நடும் எதற்கும் காலம் வேண்டும் என்பதைக் காட்டாத நிகழ்ச்சி, புதிதாகத் தொடங்குபவரை முதல் பருவத்திலேயே சோர்வடையச் செய்துவிடும்.

எனவே, தங்கள் நாளிதழில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை விமர்சிப்போர், போன மாதம் நட்ட செடி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொகுப்பாளர் காட்டினாரா, பட்டுப்போயிருந்தால் காரணத்தைச் சொன்னாரா என்பவற்றையும் கவனித்து எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்