கோடியக்கரை வெளிமானுக்குப் புல்லும் நன்னீரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாரண்யம் வட்டத்தில் பிறந்து, 40 ஆண்டுகளாகக் கோடியக்கரைச் சரணாலயத்தைப் பார்த்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வெளிமான் கணக்கெடுப்பு நடக்கும்போதெல்லாம் எத்தனை மான் என்ற எண் மட்டுமே செய்தியாகிறது. அவை மேய எவ்வளவு புல்தரை மிஞ்சியிருக்கிறது, கோடையில் எத்தனை குளத்தில் நன்னீர் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த எண் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இவ்விரண்டையும் பொறுத்தே இருக்கிறது.

1967-இல் இந்தச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே முதன்மையாக வெளிமானுக்காகத்தான். பெயருக்கேற்ப அது வெட்டவெளியில் வாழும் விலங்கு. ஆண் மான் தனக்கென ஒரு திடலைப் பிடித்து நின்று பெண் மான்களை ஈர்ப்பதற்கும், நரி வருவதைத் தொலைவிலேயே கண்டு ஓடுவதற்கும் திறந்த புல்தரை வேண்டும். அந்தத் தரையைத்தான் சீமைக்கருவேலம் ஆண்டுக்கு ஆண்டு விழுங்கிவருகிறது. புல் குறைந்த கோடையில் மான்கள் அதன் நெற்றுகளைத் தின்கின்றன. எச்சத்தோடு விழும் விதை இன்னும் மிச்சமுள்ள புல்வெளியிலேயே முளைக்கிறது. பசிக்கு உதவும் மரமே அடுத்த ஆண்டுப் பசிக்கும் காரணமாகிவிடுகிறது.

குறுகிப்போன இந்தத் தரையில் மானுக்குப் பங்காளியாக நிற்பவை, என்றோ வளர்ப்பில் இருந்து காட்டில் பெருகிவிட்ட மட்டக்குதிரைகள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. குதிரைக்கு மேலும் கீழும் உண்டு, ஆகவே அது தரையை ஒட்ட மேய்ந்துவிடுகிறது. அசைபோடும் மான் சத்துள்ள இளம்புல்லைத் தேடித் திரிய, குதிரையோ காய்ந்த முரட்டுப் புல்லையும் அளவில் கூடுதலாகத் தின்று ஈடுகட்டிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து புல் தழைத்திருக்கும் மாதங்களில் இரண்டும் ஒரே வெளியில் மேய்வது தெரியும்; அப்போது பெரிதாகப் போட்டி இல்லை. மழை பொய்த்த ஆண்டின் சித்திரை, வைகாசியில்தான் அது முற்றுகிறது.

அப்படியொரு வைகாசிக் காலையில், கடலும் உப்பளமும் சூழ்ந்த இந்த மண்ணில் வற்றாமல் எஞ்சியிருந்த ஒரு குளத்தங்கரையில் நின்று பார்த்தேன். ஏழெட்டுக் குதிரைகள் முழங்கால் அளவு நீரில் இறங்கி நின்றன. மூன்று பெண் மான்களும் ஒரு குட்டியும் கருவேல நிழலின் விளிம்புவரை வந்து, காதை நிமிர்த்தி, மீண்டும் பின்வாங்கின. குதிரைகள் அவற்றை விரட்டவில்லை. அங்கே நின்றதே போதுமானதாக இருந்தது. வெயில் ஏறும்வரை அந்த மான்கள் நீரைத் தொடவில்லை. வாகனத்தில் அடிபட்டுச் சாகும் மான் செய்தியாகிறது. இரையும் நீரும் போதாமல் தாய் மெலிந்து, பால் வற்றி, குட்டி தேறாமல் போவது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

ஆகவே வனத்துறைக்கு என் வேண்டுகோள் இது. சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும் என்பதால், வேரோடு அகற்ற வேண்டும். கோடையில் விலங்குகள் அதன் நிழலையும் நெற்றையும் நம்பியிருப்பதால், ஒரேயடியாக அழிக்காமல், புல்தரையை ஒட்டிய பகுதிகளில் தொடங்கிப் படிப்படியாகச் செய்து, அகற்றிய இடத்தில் இம்மண்ணின் புல் வேர்பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். குதிரைகளைத் துன்புறுத்தாமல் பிடித்து, பராமரிக்க வசதியுள்ள வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவை இங்கு வந்துசேர்ந்தது அவற்றின் குற்றமன்று. குளங்களைக் கோடைக்கு முன்பே, மாசி மாதத்துக்குள் தூர்வாரி முடிக்க வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு அறிக்கையில் மான்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, மேயத்தக்க புல்தரையின் பரப்பையும் நன்னீர் நின்ற குளங்களின் எண்ணிக்கையையும் தவறாமல் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்து வாசகர்