கல்லில் கை வைப்பதற்கு முன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. புதிய வீட்டுச் சமையல் மேடையை வெட்டி ஹாப் அடுப்பைப் பதிக்கப் போவதாகவும், ஞாயிற்றுக்கிழமையே ஆளை வரச் சொல்லியிருப்பதாகவும் நீ சொன்னதிலிருந்து என் நினைவெல்லாம் அதிலேயே இருக்கிறது. அடுப்பு இன்னும் வீடு வந்து சேரவில்லை என்றாயே, அது வரும் வரை கல்லில் யாரையும் கை வைக்க விடாதே.

நம் ஈரோட்டு வீட்டில் அடுப்பின் வலது முன்மூலையிலிருந்து மேடையின் விளிம்பு வரை ஓடும் கோட்டை நீ பார்த்திருப்பாய். அடுப்பு பதித்த நான்காம் மாதம் அது தெரிந்தது. முதலில் தலைமுடி விழுந்து கிடப்பதாக எண்ணித் துடைத்தேன், போகவில்லை. இன்றும் தோசை மாவு வழிந்தால் கருப்புக் கல்லின் அந்தக் கோட்டுக்குள் புகுந்து வெள்ளையாகக் காய்ந்துவிடுகிறது, ஊக்கின் முனையால் சுரண்டித்தான் எடுக்கிறேன். வெட்ட வந்தவர் நான்கு மூலைகளையும் சதுரமாக வெட்டினார். மார்பிள் கட்டரின் பிளேடு வட்டமானது என்பதால், மூலை முழுதாக அறுபட வேண்டுமென்று அதை வெட்டக் குறித்த கோட்டைத் தாண்டியும் ஓட்டிவிட்டார். அப்படிக் கீறப்பட்ட கூர்மூலையில்தான் கல்லின் இறுக்கமெல்லாம் வந்து சேரும். கனமான பாத்திரத்தின் பாரமும் அடுப்பின் சூடும் சேர்ந்து அங்கிருந்துதான் விரிசலைத் தொடங்கிவைக்கும். அதனால் முதலில் வட்டமாகத் துளைக்கும் குழாய் போன்ற கோர் பிட்டால் நான்கு மூலைகளிலும் வட்டமாக ஓட்டை போட்டு, பிறகு ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டை வரை நேராக வெட்டச் சொல். மூலையின் வளைவு அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் மறைந்துவிடும்.

அளவு விஷயத்தில் கண்ணாடியின் அளவை எடுத்துக்கொள்ளாதே. 60 சென்டிமீட்டர் அகல அடுப்புக்குப் பெரும்பாலும் 56க்கு 49 என்ற கணக்கில்தான் துளை கேட்பார்கள், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியோடு வரும் குறிப்பில் உள்ள அளவுக்கு அட்டையை வெட்டி, மேடையில் வைத்து, அடுப்பின் அடிப்பாகம் அதற்குள் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கோடு போடுங்கள். நம் மேடைகள் இரண்டடி அகலம்தான் இருக்கும். முன்பக்கம் குறைந்தது இரண்டரை அங்குலக் கல்லாவது மிஞ்ச வேண்டும், அந்தப் பட்டைக்கு அடியில் தாங்கலும் வேண்டும். அதற்கு முன் கீழ் அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துப் பார். கிரானைட்டுக்கு அடியில் கலவை போட்டு ஒட்டிய கடப்பா கல் இருந்தால் இரண்டையும் சேர்த்தே வெட்ட வேண்டியிருக்கும். தாங்கிநிற்கும் செங்கல் சுவர் துளைக்கு நேர் கீழே வந்தால் அடுப்பின் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

வெட்டும்போது அறுபட்டு வரும் கல்துண்டைக் கீழிருந்து யாராவது தாங்க வேண்டும், அல்லது பலகையால் முட்டுக் கொடுக்க வேண்டும். 18 மில்லிமீட்டர் கிரானைட் என்றாலே அந்தத் துண்டு 13 கிலோ இருக்கும். கடைசி அங்குலம் அறுபடும் முன் அது தொங்கினால் மூலையையும் பெயர்த்துக்கொண்டுதான் விழும்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டச் சொல், வீடு சேறாகிறதே என்று பார்க்காதே. கல்லிலுள்ள சிலிக்கா தூசியாகப் பறந்து நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. குவார்ட்ஸ் தூளைச் சேர்த்து ஒட்டிச் செய்யும் செயற்கைக் கல் பலகையில் சிலிக்கா இன்னும் அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அத்தகைய செயற்கைக் கல்லைத் தடை செய்ததே அதை அறுக்கும் தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் நோயால்தான். நம் வீட்டில் வெட்டியவர் வாயில் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு உலர்ந்த கல்லை அறுத்தார். விரிசலைக் காட்டிலும் அதை அன்று தடுக்காமல் நின்றதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. நல்ல மாஸ்க் ஒன்றை நீயே வாங்கி அவரிடம் கொடு. சிலிண்டரை முன்கூட்டியே அந்த அறையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடு. மருமகளும் குழந்தையும் அன்று வேறெங்காவது இருக்கட்டும்.

அடுப்பைக் கல்லோடு சிலிகான் வைத்து ஒட்ட விடாதே, நாளை ரிப்பேர் என்றால் கழற்ற முடியாது. கூடவே வரும் ஃபோம் டேப் போதும்.

வெட்டி எடுக்கும் துண்டை அவர் கொண்டுபோகக் கேட்டால் கொடுத்துவிடாதே, கண்ணு. விளிம்பை மட்டும் தேய்த்துத் தரச் சொல்லி வாங்கி வை. சப்பாத்தி தேய்க்க அதைவிட நல்ல கல் கிடைக்காது.

அன்புடன்,
அம்மா