எல்.கே.ஜி.க்கு எதற்கு ரேங்க் கார்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் நாலு வயதுப் பேரன் போன வாரம் ரேங்க் கார்டு கொண்டுவந்தான். கணக்கில் 25-க்கு 11, வகுப்பில் 23-ஆவது ரேங்க். 1 முதல் 50 வரை எழுதச் சொன்னார்களாம், பாதியிலேயே பென்சிலை வைத்துவிட்டானாம். சரி. ஆனால் வீட்டில் சாப்பிட எத்தனை பேர் என்று பார்த்துச் சரியாக அத்தனை தட்டு எடுத்து வைப்பது இவன்தான். ஐம்பது வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஆறு புளியங்கொட்டை கேட்டால் கை நிறைய அள்ளி நீட்டுகிறது. ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. கார்டில் இரண்டாவதற்கு இடமே இல்லை.

நான் முப்பது வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். மாதாமாதம் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்போம். ஒரு மாத எடையை வைத்து எதுவும் சொல்லிவிட மாட்டோம், ஆனால் சரியான எடை என்று காட்டும் பச்சைப் பகுதியில் இருக்கிற பிள்ளைக்கே இரண்டு மூன்று மாதம் கோடு ஏறாமல் படுத்துவிட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கும், அன்றைக்கே வீட்டுக்குப் போய் விசாரிப்போம். பிள்ளையை அதன் போன மாதத்தோடு ஒப்பிடுவோமே தவிர அடுத்த பிள்ளையோடு அல்ல. பாடத்துக்கும் இதேதான். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பிடிவாதம் என்று நினைத்து, அப்புறம் காதில்தான் குறை என்று தெரிந்ததும் உண்டு. அதையெல்லாம் கூடவே இருந்து கவனித்துத்தான் கண்டுபிடித்தோம், பரீட்சை வைத்தல்ல.

2022 அக்டோபரில் வந்த, அடிப்படை நிலைக்கான (3 முதல் 8 வயது வரை) தேசியக் கலைத்திட்டமே இந்த வயதுக்குத் தேர்வு பொருந்தாது, கவனித்தும் குழந்தை செய்ததைப் பார்த்தும் மதிப்பிடுங்கள் என்கிறது. நம் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் 1 முதல் 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பேரனின் மிஸ்ஸிடம் கேட்டேன். "பெற்றோர்தான் மார்க் கேட்கிறார்கள் அம்மா" என்றார். பொய்யில்லை, கையெழுத்துப் போடும்போது முதல் ரேங்க் யாருக்கு என்று என் மகனே கேட்டான்.

நர்சரிப் பள்ளிகளில் ரேங்க் போடுவதைக் கல்வித் துறை தடை செய்ய வேண்டும். பதிலுக்கு, இந்தப் பருவத்தில் பிள்ளை புதிதாக என்ன செய்கிறது, எதில் திணறுகிறது என்று மிஸ் இரண்டு வரி எழுதித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
தஞ்சாவூர்